பழைய மசில் கார் இன்ஜினுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

"கழற்றும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது." அமெரிக்காவில் பழைய மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த அந்தக்கால வேகக் கார்) இன்ஜின் விற்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது. சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தரையில் கிடக்கும் இன்ஜின் ஓடியதா இல்லையா என்பதை அவரால் காட்ட முடியாது. இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும், அதாவது ரீபில்ட் செய்யும் மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: காட்ட முடியாததற்குப் பணம் கொடுக்காதீர்கள். கண்ணால் பார்த்து, அளந்து உறுதி செய்ய முடிந்ததற்கு மட்டும் விலை பேசுங்கள். அதுவரை அது வெறும் கோர். ரீபில்ட் செய்வதற்கென்று வாங்கும் பழைய இன்ஜினை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

முதலில் அது எந்த இன்ஜின் என்று தெரிய வேண்டும். "ஜிஎம் 350" என்று விளம்பரம் போட்டிருந்தால் அது போதாது. 350 என்பது கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு மட்டுமே. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிராண்டுகளான ஷெவர்லே, போண்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் ஆகிய நான்கும் தனித்தனியாக 350 தயாரித்தன. ஒன்றின் பிஸ்டனும் ஹெட்டும் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) மற்றொன்றில் சேராது. போண்டியாக்கில் இன்னொரு சிக்கல்: 350, 400, 455 மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள இன்ஜினின் உடல்) முன்பக்கம், பயணி இருக்கைப் பக்கத்தில் (அமெரிக்கக் காரில் வலப்பக்கம்) அடித்திருக்கும் குறியீட்டைப் படிக்காமல் 455-க்கான விலையைக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து சேருவது 350 ஆகவும் இருக்கலாம்.

எண் பார்ப்பதிலும் அரைகுறை அறிவு ஆபத்து. ஷெவி (ஷெவர்லே) ஸ்மால் பிளாக் என்ற சிறிய வி8 வகையில் 3970010 என்ற வார்ப்பு எண்ணை (பிளாக்கை வார்க்கும்போதே பதியும் எண்) பார்த்ததும் பலர் துள்ளிக் குதிக்கிறார்கள். 1969 கமாரோ இசட்28-இன் 302 இன்ஜினிலும் அந்த எண் உண்டு என்பது உண்மைதான். ஆனால் எழுபதுகளின் சாதாரண பிக்கப் லாரி 350-களிலும் அதே எண்தான் இருக்கிறது. கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்டா நான்கு போல்ட்டா என்பதையும் அந்த எண் சொல்லாது. அடியில் உள்ள ஆயில் பேனைக் கழற்றினால்தான் தெரியும். வார்ப்புத் தேதியும் அப்படித்தான். ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே பல பிளாக்குகளில் இருக்கும். "சி 14 9" என்றால் (சி மூன்றாவது எழுத்து, எனவே மூன்றாவது மாதம்) மார்ச் 14, 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம்.

சரி, இன்ஜின் எதுவென்று தெரிந்துவிட்டது. இனி விலையைத் தீர்மானிப்பது உலோகம். ஷெவி 350-இன் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 4.000 அங்குலம். வழக்கமாக அதை 0.030 அங்குலம் பெரிதாகக் குடைந்து ரீபோர் செய்வோம். 0.060 போனால் பெரும்பாலான பிளாக்குகளுக்கு அதுதான் கடைசி. அதற்கு மேல் சுவர் மெலிந்து சூடேறத் தொடங்கும். ஆகவே ஏற்கெனவே 0.060 ரீபோர் ஆன பிளாக்கும், ஃபாக்டரி அளவிலேயே இருக்கும் பிளாக்கும் வெளியே ஒரே பெயிண்ட்டில் பளபளத்தாலும் ஒரே விலை பெறக் கூடாது. ஒரு ஹெட்டைக் கழற்றச் சொல்லி, பிஸ்டனின் தலையில் ஓவர்சைஸ் எண் (எவ்வளவு பெரிதாக்கியது என்பது) அடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரின் மேல்விளிம்பில் நகம் தட்டும் அளவுக்குப் படி இருந்தால் அதிகத் தேய்மானம் என்று பொருள். கிராங்க் ஜர்னலில் (பேரிங்கில் சுழலும் வழவழப்பான பகுதி) விரலை ஓட்டுங்கள். 0.010 அங்குல கிரைண்டிங்கில் சரியாகும் கீறலுக்கும், கிராங்கையே மாற்ற வேண்டிய ஆழமான பள்ளத்துக்கும் பணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

நான் அதிகம் பயப்படுவது விரிசலுக்குத்தான். மிச்சிகன், ஒஹாயோ போன்ற குளிர்ப் பிரதேசங்களில் ஆண்டிஃப்ரீஸ் இல்லாமல் வெறும் தண்ணீருடன் கொட்டகையில் கிடந்த இன்ஜினுக்குள் அந்தத் தண்ணீர் உறைந்து, பிளாக்கின் பக்கச்சுவரையோ வால்வு லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தையோ பிளந்திருக்கும். துருவும் கிரீஸும் அதை மறைத்துவிடும். சில இடங்களில் எபாக்ஸி பூசிப் பெயிண்ட்டும் அடித்திருப்பார்கள். மெஷின் ஷாப்பில் காந்தத் துகள் சோதனை செய்தால் உண்மை வெளியே வரும், ஆனால் அதற்குள் பணம் கைமாறியிருக்கும். அதனால் "விரிசல் இருந்தால் திருப்பித் தருகிறேன்" என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். நேர்மையான விற்பனையாளர் அதற்குத் தயங்க மாட்டார். தயங்கினால் அந்த அபாயத்தையும் விலையில் கழியுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். நான் இங்கே சொல்லும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். உங்களுக்கு வேண்டிய இன்ஜின், உத்தரவாதத்துடன் ரீபில்ட் ஆகி 5,000 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்கும் கோருக்கு மெஷின் வேலையும் பாகங்களும் சேர்த்து 4,200 டாலர் ஆகும் என்று உங்கள் ஷாப் சொல்கிறது. மிச்சம் 800. அதற்குள்தான் கோரின் விலை, ஏற்றிவரும் செலவு, உள்ளே இருக்கும் தெரியாத கோளாறு எல்லாமே அடங்க வேண்டும். விற்பவர் 1,500 கேட்டால், அவர் நம்மிடம் கேட்பது அவருடைய ஆசைக்கான விலை. ஷெவி 350 போல லட்சக்கணக்கில் தயாரான இன்ஜினுக்கு இந்த உச்சவரம்பு கறாரானது, ஏனென்றால் புதிய இன்ஜினே பெட்டியில் கிடைக்கிறது. போண்டியாக் 455, கிரைஸ்லர் 440 போன்றவற்றில் வரம்பு கொஞ்சம் நெகிழும்.

"ரீபில்ட் செய்து ஓட்டவே இல்லை" என்ற வகைக்கும் ஒரு வார்த்தை. மெஷின் ஷாப் பில், பேரிங் கிளியரன்ஸ் குறிப்பு, பிஸ்டனின் பார்ட் நம்பர் இவை இல்லையென்றால் கோர் விலைதான் கொடுப்பேன். பில் இருந்தாலும், பத்து வருடம் கராஜில் கிடந்த இன்ஜினை அப்படியே ஸ்டார்ட் செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை. ரிங்கில் துரு பிடித்திருக்கும், சீல் காய்ந்திருக்கும். திறந்து பார்க்கும் கூலியைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

"நம்பர்ஸ் மேட்சிங்" (இன்ஜினின் எண் காரின் எண்ணோடு பொருந்துவது) என்ற பெயரில்தான் பெரிய தொகைகள் வீணாகின்றன. 1968 மாடல் முதல் பொதுவாக காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை இன்ஜினிலும் அடித்தார்கள். அந்த எண்ணுக்கு உரிய கார் வைத்திருப்பவருக்கு அந்த பிளாக் பொக்கிஷம். எத்தனை கொடுத்தாலும் தகும். உங்கள் காருக்கு அது உரியதில்லை என்றால், உங்களைப் பொறுத்தவரை அது சரியான காலத்தைச் சேர்ந்த ஒரு பிளாக், அவ்வளவுதான். பழைய எண்ணை அழித்து வேறு எண்ணை மறுமுத்திரை அடிக்கும் மோசடியும் நிறைய. ஷெவியில் எண் அடிக்கும் மேடையில் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். அது வழவழப்பாகவோ வட்டக் கீறலுடனோ இருந்தால், மேற்பரப்பை இழைத்திருக்கிறார்கள். பிளாக்கைச் சமன் செய்யும் நியாயமான வேலையிலும் அந்தக் கோடுகள் அழியும். ஆனால் கோடுகள் போய், எண் மட்டும் கூர்மையாக இருந்தால் அந்த முத்திரைக்கு ஒரு டாலர்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

நல்ல பேரமும் இருக்கிறது. 1972 முதல் குதிரைத்திறனை நெட் முறையில் (துணைக்கருவிகளைப் பூட்டி அளப்பது; அவை இல்லாமல் அளந்தது கிராஸ்) அறிவித்ததால் எண்கள் சட்டெனச் சரிந்தன. ஷெவர்லேயின் எல்எஸ்5 454 இன்ஜினுக்கு 1971-இல் கிராஸ் கணக்கில் 365 என்று இருந்தது, 1972-இல் நெட் கணக்கில் 270 ஆனது. காகிதத்தில் தெரியும் அந்த இறக்கத்தில் பெரும்பகுதி அளவிடும் முறை மாறியதால் வந்தது. அதைப் பார்த்துப் பலர் ஒதுக்கும் எழுபதுகளின் பிளாக்குகள், ரீபில்ட் செய்து ஓட்ட விரும்புபவருக்கு அருமையானவை. கிரைஸ்லர் 440-ம் மோட்டார்ஹோமிலும் பெரிய குடும்பக் கார்களிலும் 1978 வரை வந்தது. ரோட் ரன்னர் என்ற மசில் காரிலிருந்து வந்தது என்ற கதை இல்லாததால் விலை இறங்கியிருக்கும். கார்ப்பரேட்டர் முதல் ஆயில் பேன் வரை, பிராக்கெட்டும் புல்லியும் சேர்த்து முழுதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தச் சில்லறைச் சாமான்களைத் தனித்தனியாகத் தேடி வாங்கும் செலவு சிலசமயம் பிளாக்கின் விலையையே தாண்டிவிடும்.

பார்க்கப் போகும்போது டார்ச், கம்பி பிரஷ், வெர்னியர், சாக்கெட் செட் எடுத்துச் செல்லுங்கள். ஆயில் பேனையும் ஒரு ஹெட்டையும் திறக்க அனுமதி கேட்டு முன்கூட்டியே பேசிவிடுங்கள், புது கேஸ்கெட்டுக்கான காசைத் தருவதாகவும் சொல்லுங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால் கோர் விலையைச் சொல்லிவிட்டு, உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு மாதம் விற்காமல் கிடந்தால் அவரே கூப்பிடக்கூடும்.