ஸைட்லிட்ஸ் கப்பலில் திறந்த கதவு

வெடிமருந்துக் கிடங்குகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜெர்மனியின் 'ஸைட்லிட்ஸ்' போர்க்கப்பலில் நடந்ததைத்தான்.

அதில் பீரங்கிகளைத் தாங்கித் திரும்பும் சுழல்மேடைகள் ஐந்து. மேடைக்கு இரண்டாக, 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. ஒரு குண்டு 302 கிலோ. அதை உந்தித் தள்ளும் வெடிமருந்தில் சிறு பகுதி பட்டுப் பையில் இருக்கும். பெரும் பகுதி பித்தளை உறைக்குள். க்ருப் பீரங்கியின் பின்வாயை மூடும் கட்டை பக்கவாட்டில் நகர்ந்து அடைப்பது. சுடும்போது அந்த இடுக்கில் வாயு கசியக் கூடாது. பித்தளை விரிந்து அதை அடைத்துக்கொள்ளும். உறை வந்தது இதற்காகத்தான். தீயிலிருந்து மருந்தைக் காத்தது கூடுதலாகக் கிடைத்த நன்மை.

முதல் உலகப் போரில், 1915 ஜனவரி 24, வடகடலில் டாகர் பேங்க் சண்டை. பிரிட்டனின் 'லயன்' சுட்ட குண்டு ஒன்று ஸைட்லிட்ஸின் பின்மேடைக் கவசத்தைத் துளைத்தது. உள்ளே எடுத்து வைத்திருந்த மருந்து பற்றிக்கொண்டு, தீ கீழ்த்தளம் வரை இறங்கியது. அங்கிருந்தவர்கள் தப்பிக்கப் பக்கத்து மேடைக்குப் போகும் கதவைத் திறந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள். ஆனால் அதே வழியில் தீயும் போனது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 6 டன் மருந்து எரிந்தது. எரிந்ததே தவிர, வெடிக்கவில்லை. வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற மாலுமி, கொதிக்கக் காய்ந்திருந்த வால்வுகளைக் கை வெந்துபோகத் திருகி, கிடங்குக்குள் கடல்நீரை விட்டார். கப்பல் ஊர் திரும்பியது.

அதன்பின் ஜெர்மானியர்கள் கிடங்குக்கு வெளியே எடுத்து வைக்கும் மருந்தைக் குறைத்தார்கள். 1916 மே 31, ஜட்லாண்ட் சண்டையில் ஸைட்லிட்ஸின் பின்மேடையில் மறுபடியும் குண்டு விழுந்து மருந்து எரிந்தது. இம்முறை கிடங்குவரை இறங்கவில்லை. அதே நாளில் பிரிட்டனின் 'இண்டிஃபாட்டிகபிள்', 'குயீன் மேரி', 'இன்வின்சிபிள்' மூன்றும் வெடித்துச் சிதறின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களுடைய பெரிய பீரங்கிகளுக்கு மருந்து முழுக்கப் பட்டுப் பையில்தான். மருந்தின் தன்மையும் வேறு. போதாததற்கு, வேகமாகச் சுட வேண்டும் என்று கிடங்குக் கதவுகளைத் திறந்து வைத்து, பைகளை வெளியே அடுக்கும் பழக்கமும் இருந்தது. பித்தளை உறை இருந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். அன்றிரவே ஜெர்மனியின் பழைய கப்பல் 'பொம்மர்ன்' டார்பிடோ பட்டு வெடித்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிடங்கில், கதவு சாத்தாமல் இருக்க அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். "ஒவ்வொரு தடவையும் திறந்து மூடினா வேலை ஓடாது சார்" என்றார் மேற்பார்வையாளர். குனிந்து எடுத்துப் பார்த்தேன். கதவு உரசி உரசி அதன் ஒரு விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. வாசலுக்கு வெளியே மறுநாள் வேலைக்கான பெட்டிகளும் சேர்த்து அடுக்கியிருந்தன.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் பதிவேட்டைக் கேட்பதற்கு முன் வாசலைத்தான் பார்க்கிறேன். அந்த வேளைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பெட்டி வெளியே இருந்தாலும், அது உள்ளே போய்க் கதவு சாத்திய பிறகுதான் மற்ற பேச்சு.