ஆபீஸ் ஏசி குளிருதுன்னு ஸ்வெட்டர் வாங்குறதுக்கு முன்னாடி

மார்கழில சென்னைக்கு வர்ற குளிர் விடியக்காலைல கோலம் போடுறவங்களுக்கும் பீச்ல வாக்கிங் போறவங்களுக்கும் மட்டும்தான் தெரியும், 20 டிகிரிய ஒட்டி இருக்கும், ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் வந்துடும். ஆனா என் கிளினிக் ஐடி கம்பெனிங்க நிறைஞ்ச ஓஎம்ஆர் ரோட்ல இருக்கறதால இங்க வர்றவங்க சொல்ற குளிரே வேற, மத்தியானம் வேர்க்க வேர்க்க ஹூடிய கைல மடிச்சு வச்சுக்கிட்டு வருவாங்க.

போன டிசம்பர்ல ஒரு பொண்ணு கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு வந்தாங்க, 27 வயசு, சீட்டுக்கு நேர் மேல ஏசி வென்ட். "ஃப்ளோர்ல வேற யாருக்கும் இப்படி இல்ல டாக்டர், எனக்கு மட்டும் விரல் மரத்துப் போய் டைப்பே பண்ண முடியல." அட்மின்ல கேட்டா சென்ட்ரல் ஏசி, ஒருத்தருக்காக மாத்த முடியாதுன்னுட்டாங்களாம். இவங்க அட்டைய வச்சு வென்ட்ட அடைக்க, காத்து மொத்தமும் பக்கத்து சீட் பையன் தலைல போய் விழுந்து அது தனி சண்டை.

நான் கழுத்தப் பாக்கறதுக்கு முன்னாடி கீழ் இமைய இழுத்துப் பாத்தேன். வெளுத்துப் போயிருந்துச்சு. டெஸ்ட்ல ஹீமோகுளோபின் 8.9, பெண்களுக்கு 12க்குக் கீழ வந்தாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து இல்லாத உடம்பால சூட்ட சரியா உண்டாக்கவும் முடியாது, தக்க வச்சுக்கவும் முடியாது, அதனால மத்தவங்க சும்மா இருக்கற ரூம்ல இவங்களுக்கு மட்டும் நடுங்கும். தைராய்டு கம்மியா இருந்தாலும் இதே கதைதான், கூடவே முடி கொட்டும், மலச்சிக்கல் இருக்கும், வெயிட் ஏறும்.

இதுல கொடுமை என்னன்னா குளிருதுன்னு இவங்க ஒரு நாளைக்கு அஞ்சு காபி குடிக்கறாங்க, அதுல ஒண்ணு லன்ச் முடிச்ச கையோட. டீ காபில இருக்கற பாலிஃபீனால் சாப்பாட்டுல வர்ற இரும்ப உடம்புல சேரவிடாது, ஆக அம்மா விடியக்காலைல எழுந்து ஆய்ஞ்சு பொரியல் பண்ணிக் கொடுத்த முருங்கைக்கீரை வீணாப் போகுது. ஒரு மணி நேரமாவது விட்டுக் குடிங்க, இரும்பு மாத்திரையும் காபியோட போடாதீங்க, சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தா நல்லது.

விரல் வெள்ளையாகி, நீலமாகி, சூடு பட்டதும் செவந்து எரியுதுன்னா அது ரேனாட்ஸா இருக்கலாம், அதாவது குளிர்ல விரலோட ரத்தக்குழாய் அளவுக்கு மீறி சுருங்குற பிரச்சினை, மூட்டுவலியும் இருந்தா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஏசி மேலயும் தப்பு இருக்கு, இல்லன்னு சொல்லல. மழைக்காலத்துல காத்துல இருக்கற ஈரத்த எடுக்கணும்னா காத்த ரொம்பவே குளிர வைக்கணும், அதான் வெளில ஜில்லுன்னு இருக்கற நாள்லயும் உள்ள நடுங்குது. ஆபீஸ் குளிருக்கான பழைய கணக்கே 40 வயசு, 70 கிலோ ஆம்பளைய வச்சுப் போட்டதுன்னு 2015ல ரெண்டு விஞ்ஞானிங்க எழுதுனாங்க. வென்ட்ட அடைக்காதீங்க, அதுல காத்த திருப்பி விடுற பிளேட (blade) வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க, ஏணியும் ஆளும் இருந்தா பத்து நிமிஷ வேலை. செருப்புக்கு பதிலா சாக்ஸ் ஷூ போடுங்க, மணிக்கு ஒருக்கா எழுந்து நடங்க. குளிர்ல தாகம் தெரியாது, தண்ணி குடிக்காம யூரின் இன்ஃபெக்ஷனோட வர்றவங்கள ஜனவரில நிறையவே பாக்கறேன்.

அந்தப் பொண்ணு மூணு மாசம் கழிச்சு வந்தப்ப ஹீமோகுளோபின் 11.4. இன்னும் குளிருதாம், ஆனா விரல் மரக்கறதில்லையாம். வென்ட்ட திருப்பச் சொல்லி ஆபீஸ்ல போட்ட கம்ப்ளைன்ட் டிக்கெட் மட்டும் இன்னும் ஓப்பன்லயே இருக்காம்.