'ஓடுதான் கெட்டியாச்சே, டாக்டரம்மா!'

ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலையில், கோத்தகிரியில் என் கிளினிக்குக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் ஸ்வெட்டரால் சுற்றிய ஏதோ ஒன்று. இந்த ஊரில் ஸ்வெட்டருக்குள் வருவது பெரும்பாலும் நாய்க்குட்டி, அதுவும் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து துவண்டுபோன நாய்க்குட்டி. பிரித்தால் முட்டை. தீக்கோழி முட்டை. அதற்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது.

இந்த வருஷம் எனக்கு வந்த மூன்றாவது தீக்கோழி முட்டை இது. முதலிரண்டுக்கும் பொறுமையாகப் பேசி அனுப்பினேன். இனி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்ற முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பெரியவர் போனில் வீடியோ பார்த்து முட்டையைப் பார்சலில் வரவழைத்திருக்கிறார். விலை என்ன என்று கேட்டேன். மழையைப் பார்த்தார். தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர், பெட்டிக்கு மேலே ஈரத்துணி. 48 நாள் ஆகிவிட்டதாம். வந்த அன்றே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருக்கிறார். அப்புறம், காய்ந்துவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். குழந்தைக்குத் தடவுவது போல. என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார்: "ஓடுதான் கெட்டியாச்சே, டாக்டரம்மா! உள்ளே என்ன போயிடப் போகுது?"

மூன்று பேரும் சொன்னது இதே வார்த்தை.

சரி, ஓடு கெட்டிதான். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். முட்டை சராசரியாக ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும், நம் கோழிமுட்டை இரண்டு டஜன் உள்ளே அடங்கும். 100 கிலோ எடையுள்ள பறவை மேலே உட்கார்ந்தாலும் உடையாது. ஆள் ஏறி நிற்கும் வீடியோவும் பொய் இல்லை. இன்று உலகில் வாழும் பறவைகளில் இதைவிடப் பெரிய முட்டை எதுவும் இடுவதில்லை. ஆனால் இட்ட தாய்க்கு அது சின்ன முட்டை. அவள் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோதான். நம் வீட்டுப் பெட்டைக்கோழி தன் உடம்பில் அதைப்போல் இரண்டு மடங்கு பங்கை முட்டையாகத் தருகிறது, யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

ஆனால் கெட்டி வேறு, அடைப்பு வேறு. இதைத்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அந்த ஓட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எலுமிச்சைத் தோலில் இருப்பது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழி தெரியும். பூதக்கண்ணாடி வேண்டாம், வெறுங்கண்ணே போதும். அவை அழகுக்கு வைத்த புள்ளிகள் இல்லை, துளைகள். குஞ்சு மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். அடைக்காலம் முழுக்க நீராவி வெளியே போய்க்கொண்டிருக்கும், ஆக்ஸிஜன் உள்ளே வந்துகொண்டிருக்கும். பொரிப்பதற்குள் முட்டை தன் எடையில் 13 முதல் 15 சதவீதம் வரை இழந்தாக வேண்டும். இழக்காவிட்டால் குஞ்சு நீர்கோத்து ஊதிப்போய் உள்ளேயே கிடக்கும்.

இரண்டாவதாக வந்த பையன் கெட்டிக்காரன். "மேடம், ஆப்பிரிக்காவில் சான் மக்கள் இந்த ஓட்டில்தானே தண்ணீர் பிடித்து மண்ணில் புதைத்து வைக்கிறார்கள்? துளை இருந்தால் எப்படி நிற்கும்?" என்றான். நல்ல கேள்விதான். மண்பானையிலும்தான் தண்ணீர் நிற்கிறது. ஒழுகவில்லை என்பதற்காக அது மூச்சு விடவில்லை என்று ஆகுமா? வெளிப்பக்கம் கையை வைத்துப் பார், ஜில்லென்று இருக்கும். துளை அவ்வளவு பொடிசு. தண்ணீர் எளிதில் வழியாது, ஆவி போய்விடும். கிருமிக்கு அந்தத் துளையே ராஜபாட்டை.

எண்ணெய் தடவினால் துளை அடைபடும். சூடான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கும், சுருங்கும்போது வெளித்தண்ணீரை, அழுக்கோடும் சோப்போடும் சேர்த்து, உள்ளே இழுக்கும். கோழிப்பண்ணைக்காரர்கள் கழுவித்தான் தீர வேண்டுமென்றால் முட்டையைவிடச் சற்றுச் சூடான தண்ணீரில் கழுவுவது இதனால்தான். பெரியவர் கோத்தகிரிக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருக்கிறார். அந்தத் தண்ணீரில் நான் கை கழுவவே யோசிப்பேன்.

கிண்ணத் தண்ணீரும் ஈரத்துணியும் கோழிமுட்டை வீடியோவில் பார்த்தது. கோழிமுட்டைக்கு 37.5 டிகிரி சூடும் நல்ல ஈரப்பதமும் வேண்டும், 21 நாளில் பொரிக்கும். தீக்கோழிக்கு ஏறக்குறைய 36 டிகிரி, 42 நாள், ஈரம் கோழிக்கு வேண்டியதில் பாதிகூட வேண்டாம். வறண்ட ஆப்பிரிக்க நிலத்தில், மண்ணில் பறித்த வெறும் குழியில் அடைகாக்கப்பட வேண்டிய முட்டை அது. பகலில் சாம்பல் நிறப் பெட்டை உட்காரும், இரவில் கறுப்பு ஆண் உட்காரும். ஒரே குழியில் பல பெட்டைகள் இட்டுப் போகும். மூத்த பெட்டை தன் முட்டைகளை அடையாளம் கண்டு நடுவில் வைத்துக்கொண்டு, அடைகாக்க முடியாத அடுத்தவள் முட்டைகளை ஓரத்துக்குத் தள்ளிவிடும். 1979-இல் பெர்ட்ராம் என்ற ஆய்வாளர் இதை எழுதினார். அளவையும் துளைகளின் அமைப்பையும் பார்த்து அது கண்டுபிடிக்கிறது என்று கருதுகிறார்கள். நாமோ அந்தத் துளையைத் தேங்காய் எண்ணெயால் மெழுகுகிறோம்.

மலை உயரமும் நமக்கு எதிரி, மின்வெட்டும் எதிரி. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: அது கருவுற்ற முட்டைதானா? சேவல் இல்லாமல் பெட்டைக்கோழி முட்டை இடுவது போலத்தான் இதுவும். பார்சலில் குலுங்கி வந்த முட்டைக்கு யார் உத்தரவாதம்?

அறையை இருட்டாக்கி, பெரிய டார்ச்சை முட்டையின் மொட்டைப் பக்கம் வைத்துப் பார்த்தேன். தீக்கோழி ஓடு வெளிறியது, வெளிச்சம் ஊடுருவும். (2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு வியாபாரம் சரிந்து பறவைகள் கேட்பாரற்று நின்ற காலத்தில் நான் பார்த்த ஈமு முட்டைகள் கரும்பச்சை. டார்ச் எதுவும் காட்டாது, லேசாகத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.) இதில் காற்றறைக்கு (மொட்டைப் பக்கம் காற்று நிற்கும் இடம்) விளிம்பே இல்லை, முழுக்கக் கறுப்பு. ஓட்டின் மேல் தேன் நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் கசிவு. எந்தத் துளை வழியாக ஒன்றும் போகாது என்றாரோ, அந்தத் துளை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. கூமுட்டை. அதுவும் 48 நாள் வெதுவெதுப்பில் வைத்து, உள்ளே வாயு கட்டியது. மெதுவாக, மிக மெதுவாக மேஜையில் வைத்தேன். முதலாவதாக வந்த முட்டையை அந்த வீட்டுப் பையன் குலுக்கிப் பார்த்து, அது அவர்கள் சமையல்கட்டில் வெடித்தது. சுவருக்கு இரண்டுமுறை சுண்ணாம்பு அடித்தார்கள்.

கேளுங்கள். கெட்ட முட்டையைக் குலுக்காதீர்கள், துளை போடாதீர்கள், "உள்ளே குஞ்சு சத்தம் கேட்குதா" என்று காதில் வைக்காதீர்கள். செய்தித்தாளில் சுற்றி, சாக்கில் போட்டு, வீட்டிலிருந்தும் தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்தும் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். ஒரு முழம் போதாது. இங்கே கரடியும் காட்டுப்பன்றியும் தோண்டி எடுத்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். சால்மோனெல்லாக் கிருமிக்கு ஓட்டின் தடிமன் தெரியாது.

ஷோகேஸில் வைக்கத்தான் ஆசை என்றால், உள்ளே இருப்பதை எடுத்துக் காயவைத்த வெற்று ஓடு வாங்குங்கள். அடியில் துளை இருக்கும், கையில் எடுத்தால் கால் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஒன்றரைக் கிலோ கனத்தால் அது அலங்காரப் பொருள் இல்லை. அந்த ஓட்டுக்கு மரியாதை தரத்தான் வேண்டும். மகாராஷ்டிரத்தில் பாட்னே என்ற இடத்தில் தோண்டியபோது கோடு கீறிய தீக்கோழி ஓட்டுத் துண்டு கிடைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பறவை நம் நாட்டிலேயே திரிந்தது என்பதற்குச் சாட்சி அது.

சாப்பிடத்தான் என்றால் நன்றாக வேகட்டும். கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் குறைவு. முழு முட்டையை அவித்து நடுவில் வெந்ததா என்று தெரியாமல் தவிப்பதைவிட, உடைத்துப் பொரியலாகக் கெட்டியாக வதக்குங்கள். பாலில் பச்சையாகக் கலந்து பையனுக்குக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. காட்டுக்கோழி முட்டையை, மயில் முட்டையைப் பொறுக்கி வந்து "அடைக்கு வைக்கலாமா" என்று கேட்கிறவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதுவும் வேட்டைதான். எடுத்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும்.

தீக்கோழி முட்டையை உடைக்கத் தெரிந்த பறவை நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே தெரியும் மாயார் பள்ளத்தாக்கில் மஞ்சள்முகப் பாறுகள் (ஒருவகைப் பிணந்தின்னிக் கழுகு) உண்டு. இதே இனம் ஆப்பிரிக்காவில் அலகில் கல்லை எடுத்துத் தீக்கோழி முட்டை மேல் எறிந்து உடைக்கும். 1966-இல் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலும் அவர் கணவரும் தான்சானியாவில் பார்த்து எழுதினார்கள். (பாறுகள் பிழைக்க வேண்டும் என்றுதான் 2006-லிருந்து மாட்டுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து தடை; அது ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்றால் பாறு செத்துவிடும். மெடிக்கலில் வாங்கி வந்து "நீங்களே போட்டுவிடுங்க" என்று நீட்டாதீர்கள்.)

பெரியவர் கொஞ்சநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். திட்டியது அதிகமோ என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. "ஐயா, வீட்டில் கோழி இருக்கா?" என்றேன். இருக்காம். போன வாரத்திலிருந்து ஒன்று அடைக்கு உட்கார்ந்துகொண்டு கிட்டப் போனால் கொத்துகிறதாம். பத்து நாட்டுக்கோழி முட்டை வையுங்கள், கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், 21 நாள் கழித்து வந்து வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து வாங்கிப்போங்கள் என்றேன்.

சாக்கை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "பத்துதானா, டாக்டரம்மா? பதினஞ்சு வைக்கலாமா?"

பன்னிரண்டு என்று முடித்தோம்.