நாயும் பூனையும்: அழியாத பயத்தின் மேல் வளரும் பழக்கம்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் மூன்று வயது சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. மழைக்கு வாசலில் ஒதுங்கிய பூனைக்குட்டி ஒன்றை மகள் உள்ளே தூக்கி வந்துவிட்டாள். குட்டியைக் கண்டதும் நாய் பாய்கிறது. குட்டி பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது. “நாய்க்கும் பூனைக்கும் பிறவிப் பகை, குட்டியை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார். உண்மையிலேயே இரண்டும் பழகாதா?” என்பது அவருடைய கேள்வி.

பழகும். பிறவிப் பகை என்று நாம் சொல்வது பெரும்பாலும் வளர்ப்பில் வருவது. பூனைக்கும் எலிக்கும் இடையிலேயே அது முழுதாகப் பிறவியில் வருவதில்லை. சீன உளவியலாளர் குவோ 1930இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பூனை எலியைக் கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எலிகளோடு சேர்ந்து வளர்ந்த 18 குட்டிகளில் கொன்றவை மூன்றே மூன்று. நாய், பூனை விஷயமும் இப்படித்தான். பூனைக்குட்டிக்கு ஏறத்தாழ இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை, நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் யாரோடு பழகுகிறதோ அவர்களெல்லாம் அதற்குச் சொந்தம். டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் வீட்டுக்கு வந்திருந்தால் உறவு நன்றாக அமைகிறது என்று காட்டியது. பூனை முதலில் வந்திருந்தால் இன்னும் நல்லது. வாலை ஆட்டுவது நாய்க்குப் பெரும்பாலும் உற்சாகம், பூனைக்கு எரிச்சல். அப்படியிருந்தும் சேர்ந்து வாழும் விலங்குகளில் பெரும்பாலானவை எதிராளியின் பாஷையைச் சரியாகவே புரிந்துகொண்டன என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

வாசகியின் வீட்டில் குட்டியின் வயது சாதகமாக இருக்கிறது. நாய்தான் பருவம் தாண்டியது, அதிலும் சிப்பிப்பாறை. கரிசல் காட்டில் முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் அது. ஓடுகிற சிறு உருவம் கண்ணில் பட்டால் கால் தானாகக் கிளம்பும். அதில் வெறுப்பு எதுவும் இல்லை. ஆகவே இந்த வீட்டில் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் இரண்டு: நாயின் துரத்தல், பூனையின் பயம். முதலாவதற்கு வழி எளிது. வீட்டுக்குள்ளும் சங்கிலியோ கயிறோ இருக்கட்டும், பூனையைப் பார்த்துவிட்டு நாய் முகத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு தீனி கொடுங்கள். பூனை ஓடாத வரை துரத்தலுக்கும் வேலை இல்லை. அது ஓடாமல் இருக்க வேண்டுமானால் அதன் பயம் குறைய வேண்டும்.

பயம் குறைவது எப்படி என்பது, நான் அறிந்தவரை, உளவியலின் மிக அழகான கதைகளில் ஒன்று. நியூயார்க்கில் நடந்து, 1924இல் வெளியான ஆய்வு அது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளரிடம் மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் வந்தான். ஆய்வறிக்கையில் அவன் பெயர் பீட்டர். வெள்ளை முயலைக் கண்டால் அலறுவான். ஜோன்ஸ் அவனை நாற்காலியில் உட்காரவைத்து மிட்டாய் கொடுத்தார். அவன் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டில் இருந்த முயலை அறையின் கோடியில் வைத்தார். சாப்பிடுவதற்குத் தடை வராத தூரம் எதுவோ அந்தத் தூரம். மறுமுறை சற்று அருகில், பிறகு இன்னும் அருகில். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான், தன் விரலை அது கொறிக்கவும் விட்டான்.

இடையில் நடந்த ஒன்றைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பயிற்சி பாதியில் இருக்கும்போது பீட்டருக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீடு திரும்பும் நாளில், டாக்சியில் ஏறும் நேரத்தில், ஓடிவந்த பெரிய நாய் ஒன்று அவன்மேலும் கூட இருந்த நர்ஸ்மேலும் பாய்ந்தது. அதன்பின் முயலைக் காட்டியபோது பயம் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. அவனை மிரட்டியது நாய், ஆனால் முயல் பயம் முழுசாக வந்துவிட்டது. அப்படியானால் அத்தனை நாள் பயிற்சியில் அந்தப் பயம் எங்கே போயிருந்தது?

எங்கும் போகவில்லை. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் தன் நாய்களிடம் இதை முன்பே கண்டிருந்தார். மணியடித்து உணவு தந்து பழக்கிய நாய்க்கு மணியோசை கேட்டாலே எச்சில் ஊறும். பிறகு மணியடித்தும் உணவு தராமல் விட்டால் எச்சில் ஊறுவது நின்றுவிடும், சில காலம் கழித்து மணியடித்தால் மறுபடி ஊறும். பழைய பாடம் மூளையில் அப்படியே இருக்கிறது. பயத்தைப் பொறுத்தவரை அந்தப் பாடம் அமிக்டலா என்ற பகுதியில் பதிகிறது. “நாய் என்றால் ஆபத்து” என்பது ஒரு பதிவு. “நாய் தெரிந்தால் மீன் கிடைக்கும், ஒன்றும் ஆகாது” என்பது வேறொரு பதிவு. இரண்டாவது பதிவு முதலாவதை அழிப்பதில்லை. எலிகளில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியிலிருந்து வரும் சமிக்ஞை, அமிக்டலாவுக்குள் இருக்கும் ஒடுக்கும் நியூரான்களைத் தூண்டுகிறது, அவை பயத்தின் வெளிப்பாட்டைத் தடுத்து நிறுத்துகின்றன. பழகிய பூனை என்பது பயம் இல்லாத பூனை அன்று, பயத்துக்கு நல்ல பிரேக் பொருத்தப்பட்ட பூனை.

அந்த பிரேக்குக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பயம் எந்த இடத்திலும் வேலை செய்யும். பயம் இல்லை என்ற பாடமோ கற்றுக்கொண்ட இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவிய உண்மை இது. ஓர் அறையில் பயம் தணிந்த எலி, வேறு அறைக்குப் போனதும் மீண்டும் நடுங்குகிறது. இது எங்கே, எந்தச் சூழல் என்று குறித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதிதான் பிரேக்கை எப்போது போடுவது என்று தீர்மானிப்பதில் பங்கெடுக்கிறது. பரிணாம நோக்கில் இது நியாயமாகவே படுகிறது. பயத்தை அவசரப்பட்டு மறந்த விலங்கு பிழைத்திருக்காது.

பூனைகளுக்கு இந்த வரலாற்றில் ஒரு கசப்பான பங்கும் உண்டு. ஜோகன்னஸ்பர்கில் மருத்துவர் ஜோசப் வோல்ப், 1940களில், கூண்டுக்குள் மின்அதிர்ச்சி கொடுத்துப் பூனைகளை அஞ்சவைத்தார். பசித்தாலும் அந்தக் கூண்டில் அவை சாப்பிடவில்லை. கூண்டிருந்த அறையை அவ்வளவாக ஒத்திராத வேறு அறைகளில் முதலில் ஊட்டி, படிப்படியாக நெருங்கி, கடைசியில் கூண்டுக்குள்ளேயே சாப்பிடவைத்தார். மனிதர்களின் அச்சத்துக்கு இன்று தரப்படும் படிமுறைச் சிகிச்சை அங்கிருந்து வந்தது. அந்தப் பூனைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், அதே முறையைப் பூனைகளுக்குப் பயன்படுத்துவது அந்தக் கடனில் ஒரு பகுதியையாவது தீர்க்கும் என்று நினைக்கிறேன்.

இனி வீட்டுக்கு வருவோம். குட்டிக்குத் தனி அறை, கதவு சாத்தியே இருக்கட்டும். நாய் படுத்த துணியைக் குட்டியின் அறையிலும் குட்டி படுத்த துணியை நாயிடமும் போடுங்கள், உருவத்துக்கு முன் வாசனை பழகட்டும். அடுத்து, கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. பிறகு, நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் கம்பிக் கதவு கைகொடுக்கும். நாயை ஒருவர் கயிற்றில் பிடித்துத் தள்ளி உட்காரவைக்க, குட்டிக்கு உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலியை இந்தப் பக்கம் வையுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: குட்டி தின்கிறதா? அச்சம் ஏறும்போது உடல் செரிமானத்தை ஒதுக்கிவிட்டு ஓடுவதற்குத் தயாராகிறது, அதனால் பயந்த பூனை வாய் வைக்காது. முகர்ந்துவிட்டுத் தலையைத் தூக்கி, காதைப் பின்னால் மடித்தால் தூரம் போதாது, நாயைப் பின்னுக்கு நகர்த்துங்கள். தலை குனிந்து மென்றால் அன்றைய தூரம் சரி. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முயல வேண்டாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலே கெடக்கூடும், குட்டி அதைவிடச் சீக்கிரம் துவண்டுவிடும்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இதற்கு நேர்மாறு. குட்டியைக் கையில் இறுகப் பிடித்து நாயின் மூக்கருகே நீட்டி, “பாரு, ஒன்றும் செய்யாது” என்பார்கள். தப்பிக்க வழியில்லாமல் கிடைத்த அந்த அச்சம் அமிக்டலாவில் ஆழமாகப் பதியும். பூனை எப்போதும் தானாக வர வேண்டும், தானாக விலகவும் வேண்டும். அலமாரியின் மேலோ பரணிலோ அதற்கு எட்டும் இடம் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

மாமியாரின் யோசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகை, அபசகுனம், குறுக்கே போனால் காரியம் கெடும் என்று சொல்லியே எத்தனையோ குட்டிகளைச் சந்தை ஓரத்தில் விட்டுவிட்டு வருகிறோம். நம்பிக்கை என்ற பெயரில் நடக்கும் கொடுமை இது. இன்னொரு வருத்தமும் உண்டு. கொல்கத்தாவின் ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களின் நடத்தையை அருமையாக ஆராய்ந்து வருகிறது. ஆனால் நான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களிலும் அடைத்த வீடுகளிலும் கண்டறியப்பட்டது. மாடி வழியாக வந்துபோகும் பூனையும், வாசலில் கட்டிய நாயும் எப்படிப் பழகுகின்றன என்று நம் வீடுகளில் ஆராய்வதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. இரண்டு மாணவர்களின் உதவித்தொகையும் ஒரு கேமராவும் போதும். அந்தச் சிறு தொகையை ஒதுக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.

வாசகிக்குக் கடைசியாக இரண்டு குறிப்புகள். கூடத்தில் பழகிவிட்டன என்று அப்படியே மொட்டைமாடிக்கு விட்டுவிடாதீர்கள், அங்கே பிரேக் இன்னும் பொருத்தப்படவில்லை. சமையலறை, முற்றம், மாடி என்று ஒவ்வோர் இடத்திலும் கம்பிக் கதவுப் பயிற்சியைச் சுருக்கமாகத் திரும்பச் செய்யுங்கள். என்றாவது ஒரு நாள் நாய் துரத்திவிட்டால், பீட்டருக்கு நடந்ததுதான் குட்டிக்கும் நடந்திருக்கும். கதவைச் சாத்துங்கள், குட்டி கடைசியாக நிம்மதியாக மென்று தின்ற தூரம் எதுவோ அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.