குறிப்பேட்டைத் தின்னும் அமிலம்

"ஒரே அலமாரியில் பல வருடமாக இருந்த குறிப்பேடுகள். ஒன்று இன்னும் வெள்ளையாக இருக்கிறது, பக்கத்திலிருப்பது தொட்டால் உதிர்கிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

தாள் செய்த விதம்தான் காரணம். காகிதம் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. செல்லுலோஸ், குளுக்கோஸ் அலகுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. மை ஊறிப் பரவாமலிருக்கக் கூழில் மரப்பிசினையும் அலுமினியம் சல்பேட்டையும் கலக்கும் முறையை மோரிட்ஸ் இல்லிக் 1807இல் வெளியிட்டார். மலிவான வழி என்பதால் ஆலைகள் அதையே பிடித்துக்கொண்டன. அந்தச் சல்பேட் ஈரம் பட்டால் அமிலமாகும்.

அதற்குப் பிறகு நடப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த அமிலத்திலிருந்து வரும் ஒரு ஹைட்ரஜன் அயனி, இரண்டு குளுக்கோஸ் அலகுகளை இணைக்கும் ஆக்சிஜனில் போய் ஒட்டுகிறது. பிணைப்பு தளர்ந்து அறுகிறது. தாளில் உள்ள ஈரத்திலிருந்து ஒரு நீர் மூலக்கூறு வந்து அறுந்த முனைகளை மூடுகிறது. அயனியோ செலவாகாமல் வெளியே வந்து அடுத்த பிணைப்பைத் தேடிப் போகிறது. பள்ளியில் வினையூக்கி என்று படித்தோமே, அதேதான். 1000 அலகுச் சங்கிலி நடுவில் ஒரே இடத்தில் அறுந்தாலும் மிஞ்சுவது இரண்டு 500. அதாவது, ஆயிரத்தில் ஒரு பிணைப்பு போனாலே சராசரி நீளம் பாதியாகிவிடும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும் தாள் மூலையை மடித்ததும் ஒடிவது இதனால்தான். போதாததற்கு, சிதையும் காகிதமே அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களை உண்டாக்குகிறது. வினை இன்னும் வேகமெடுக்கிறது. அவை ஆவியாகிப் பக்கத்துத் தாளையும் தொடும். நோட்டுக்குள் செருகி வைத்த செய்தித்தாள் நறுக்கை எடுத்துப் பாருங்கள்: எதிர்ப்பக்கத்தில் அதே நீள அகலத்தில், கத்தரி கோணலாகப் போன இடம் உட்பட, பழுப்புத் தடம் பதிந்திருக்கும்.

வெள்ளையாக இருக்கும் அந்த நோட்டு, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கலந்த காரத்தாள். அமிலம் உருவாக உருவாக அது சமன்செய்துவிடுகிறது. நெடுங்காலம் நிலைக்க வேண்டிய தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 என்ற சர்வதேசத் தரம் கேட்பதும் இதைத்தான்: பிஎச் (அமில-கார அளவு; 7க்கு மேல் காரம்) 7.5 முதல் 10 வரை, குறைந்தது 2% கார்பனேட் கையிருப்பு. காப்பகப் பெட்டிகளும் உறைகளும் இதே தத்துவத்தில் செய்யப்படுகின்றன. அறையைக் குளிர்விப்பதும் பலன் தரும். 5 டிகிரி குறைத்தால் தாளின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டவிட்டால் பூஞ்சை வரும். அமில நீக்கம் செய்யலாம்தான். ஆனால் அறுந்த சங்கிலி திரும்ப ஒட்டாது, சில மைகள் கரைந்தும் ஓடும்.

லாமினேஷன் செய்தால் பத்திரம் என்பது சுத்த மூடநம்பிக்கை. அமிலமும் ஈரமும் உள்ளேயே இருக்க, தாள் பிளாஸ்டிக்குக்குள் சிதைந்துகொண்டிருக்கும், பிரிக்கவும் முடியாது. பருத்திக் கையுறையும் அப்படித்தான். விரலின் உணர்வு மழுங்கி, ஓரம் கிழிவதுதான் மிச்சம். கழுவி உலர்த்திய கை போதும். பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் பிளாஸ்டிக் மென்மையாக்கி ஜெராக்ஸ் எழுத்துகளை உறையோடு ஒட்டிவிடும். பாலியெஸ்டர் உறை நல்லது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். பின்னுக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, பின்பக்கக் கால்களை நிமிர்த்திய பிறகு எடுக்க வேண்டும். செல்லோடேப்பை வீட்டில் உரிக்க முயலவே வேண்டாம். செய்தித்தாள் நறுக்கைக் காரத்தாளில் நகலெடுத்து, மூலத்தைத் தனி உறையில் போட்டுவிடலாம்.

பழைய தாள்களை ஸ்கேன் செய்யும் திட்டங்களுக்கு நிதி சுலபமாகக் கிடைக்கிறது, பெட்டி வாங்கவும் பட்டியல் போடவும் கிடைப்பதில்லை. இது தலைகீழ் என்பது என் கருத்து. பட்டியல் இல்லாத பத்தாயிரம் படக்கோப்புகளில் யார் எதைத் தேடுவது?

தாள்கள் இருந்த வரிசை விஷயத்தில்தான், ஆய்வாளர் ஒருவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளை வைத்திருக்கும் குடும்பத்தார் அதிகம் சறுக்குகிறார்கள். காப்பகத்திடம் ஒப்படைக்கும் முன் 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று கடிதம் வேறு, நறுக்கு வேறு, குறிப்பு வேறு எனப் பிரித்துவிடுவார்கள். ஆய்வாளர் எந்தத் தகவலை எதற்காக எடுத்தார் என்பது அது செருகப்பட்டிருந்த பக்கத்தில்தான் தெரியும். தொழில்முறைக் கணிதவியலாளர் அல்லாத, 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வழக்கறிஞர் ஃபெர்மா தம் புகழ்பெற்ற கணிதக் குறிப்பை, பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் டயோஃபாண்டஸின் நூலின் ஓரத்தில் எழுதினார். அந்தப் பிரதி தொலைந்தே போனது. மகன் 1670இல் நூலை மறுபதிப்பு செய்தபோது, ஓரக்குறிப்புகளை உரிய இடங்களிலேயே அச்சிட்டதால்தான் அது எந்தக் கணக்கைப் பற்றியது என்று நமக்குத் தெரிகிறது. ஆகவே கிளிப்பைக் கழற்றும் முன், எது எதனோடு இருந்தது என்று ஒவ்வொரு தாளின் பின்மூலையிலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், எண் போட்டுவிடுங்கள். பேனா கூடாது.