ஸ்டேட் கேப்சர்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒப்பந்தம் கிடைக்க அதிகாரிக்குப் பணம் கொடுத்தால் அது லஞ்சம். ஒப்பந்தம் தனக்கே வந்து சேரும்படி விதியை எழுதவைத்தால்? அதற்குத்தான் ‘ஸ்டேட் கேப்சர்’ என்று பெயர். இதில் சட்டம் மீறப்படுவதே இல்லை என்றுகூடச் சொல்லலாம், சட்டமே விலைபோய்விட்டதே!

கேப்சர் என்ற சொல் பொருளியலுக்குப் புதிதல்ல. ஒரு தொழிலைக் கட்டுப்படுத்த வந்த விதிகள் அந்தத் தொழிலுக்கே சாதகமாக முடிந்துவிடுகின்றன என்று 1971-ல் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதியபின் அது பரவலாகப் புழங்கத் தொடங்கியது. முழு அரசுக்கும் அதைப் பொருத்திப் பரப்பியது உலக வங்கி. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் புதிய அரசுகள் சொத்துரிமை, வங்கி, தனியார்மயம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் சட்டம் எழுதிக்கொண்டிருந்தன. எழுதுகிற கையைப் பிடித்தால் போதும் என்பது சில பெருமுதலாளிகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. 1999-ல் 22 நாடுகளின் நிறுவனங்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து ஜோயல் ஹெல்மன், ஜெரெயின்ட் ஜோன்ஸ், டேனியல் காஃப்மன் ஆகியோர் 2000-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் சாதாரண லஞ்சத்தையும் இதையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது.

துனிசியா நல்ல எடுத்துக்காட்டு. அதிபர் பென் அலி 2011 ஜனவரியில் நாட்டைவிட்டு ஓடியபின், அவர் குடும்பத்தோடு தொடர்புடைய 220 நிறுவனங்களை உலக வங்கி ஆய்வாளர்கள் அலசினார்கள். தனியார் துறை லாபத்தில் சுமார் 21 விழுக்காடு அவற்றுக்குப் போயிருந்தது. தொலைத்தொடர்பு, போக்குவரத்து போன்ற துறைகளில் புதிதாக யார் நுழைந்தாலும் முன் அனுமதி வேண்டும் என்று அதிபரின் ஆணைகள் இருந்தன. அதே துறைகளில்தான் குடும்பத்தின் கம்பெனிகளும் இருந்தன. அதிபர் ஓடினார், ஆனால் அவர் காலத்து விதிகள் பல அப்படியே இருந்தன.

தென்னாப்பிரிக்காவில் இது தெருவில் புழங்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. 2015 அக்டோபரில், அன்றைய அதிபர் ஜேக்கப் ஜுமாவுக்கு நெருக்கமான குப்தா என்ற வியாபாரக் குடும்பத்தினர் தனக்கு நிதியமைச்சர் பதவி தருவதாகச் சொன்னார்கள் என்று அப்போதைய துணை நிதியமைச்சர் மெசெபிசி ஜோனாஸ் மறு ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். குப்தாக்கள் மறுத்தார்கள். அமைச்சரவையை ஒரு வியாபாரக் குடும்பம் பங்கு போடுகிறதா என்ற கேள்வி அப்புறம் அடங்கவேயில்லை. அரசு முறைகேடுகளை விசாரிக்கும் ‘மக்கள் பாதுகாவலர்’ பதவியில் இருந்த துலி மடோன்செலாவின் 2016 அறிக்கை, அதையடுத்து 2018-ல் நீதிபதி ரேமண்ட் சோண்டோ தலைமையில் விசாரணை ஆணையம் என்று விஷயம் நீண்டது.

சரி, தமிழில்? ‘அரசைக் கைப்பற்றல்’ என்றால் ராணுவப் புரட்சி நினைவுக்கு வருகிறது. ‘கையகப்படுத்தல்’ அதைவிட மோசம். நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே பதிந்துவிட்டதால், எடுப்பவர் யார், எடுக்கப்படுவது எது என்பதே தலைகீழாகிறது. வெறுமனே ‘ஊழல்’ என்றும் விடமுடியாது. ஊழ்த்தல் என்ற வினைக்குப் பதனழிதல் என்று ஒரு பொருள் உண்டு. இங்கே அரசு அழுகிக் கெடவில்லை, நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் வேறொருவருக்காக.

பேச்சுவழக்கில் ‘கைக்குள் போட்டுக்கொள்வது’ என்பார்கள். மிகச் சரியான தொடர், பெயர்ச்சொல்லாக்கத்தான் வளையாது. அதற்கு நெருக்கமாக ‘அரசை வயப்படுத்தல்’ என்பதை நான் ஏற்பேன். ‘ஐ’ உருபை விடக்கூடாது. ‘அரசுவயப்படுத்தல்’ என்று சேர்த்து எழுதினால் தேசியமயம் என்று படிப்பார்கள்.

சொல்லைப் பிரித்தறிவது நீதிமன்ற வழக்குக்கும் உதவும். லஞ்சம் வாங்கியவரைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்; வயப்படுத்தியவரைப் பிடிக்க, அவர் எழுதவைத்த விதியையும், அவரைக் காப்பாற்றும் நியமனங்களையும் சேர்த்துக் கலைக்க வேண்டும். அதனால்தான் உக்ரைன் 2015-ல் தனி ஊழல் தடுப்புப் பணியகத்தையும், 2019-ல் அதன் வழக்குகளுக்கென்று தனி உயர் நீதிமன்றத்தையும் தொடங்கியது. அந்தப் பணியகத்தைத் தலைமை அரசு வழக்கறிஞரின் பிடிக்குள் கொண்டுவரும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. போர் நடுவிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டுப் பணியகத்தின் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது.