அந்த ஊரில் உங்கள் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்?

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஓர் அட்டவணையோடுதான் வருகிறார்கள். ஒரு பக்கம் சம்பளம் அதிகமுள்ள வேலை, மறுபக்கம் மனத்துக்குப் பிடித்த நகரம். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், அடியில் கூட்டுத்தொகை. பணி ஆலோசகராக இப்படி எத்தனையோ தாள்களைப் பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் கூட்டுத்தொகையை நான் பார்ப்பதே இல்லை. எங்கே அழித்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தேடுகிறேன்.

சென்ற மாதம் ஓர் இளைஞர் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய தாளில் 'சுற்றுப்புறம்' என்ற வரியில் 6 என்று இருந்ததை ரப்பரால் தேய்த்து 8 ஆக்கியிருந்தார். தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "முதலில் கூட்டியபோது சம்பளம் ஜெயித்துவிட்டது சார்" என்றார். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதில் விழுந்தது. சிரித்துவிட்டார்.

இந்த அட்டவணை முறைக்கு வயது 250 ஆண்டுகளுக்கு மேல். 1772 செப்டம்பரில், அமெரிக்க அரசியல் தலைவரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாளின் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள். சாதகம் ஒரு பக்கம், பாதகம் மறுபக்கம். மூன்று நான்கு நாள் யோசித்து நிரப்பு. எடை ஒத்தவற்றை இரு பக்கமும் அடித்துவிட்டு மிஞ்சுவதைப் பார் என்பது அவர் சொன்ன வழி. பிரீஸ்ட்லியின் சிக்கல் என்ன என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் அப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதபோதகர், அறிவியல் ஆராய்ச்சியும் செய்துவந்தவர். ஷெல்பர்ன் பிரபு கூடுதல் ஊதியத்தில் தன்னிடம் வேலைக்கு அழைத்திருந்தார். போனால் ஊரை விட்டுக் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். ஏறக்குறைய இன்று என் முன்னால் வந்து உட்காருகிறவர்களின் கேள்விதான். எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிராங்க்ளின் சொல்லவில்லை, எப்படி யோசிப்பது என்று மட்டும் சொன்னார். பிரீஸ்ட்லி 1773இல் கிளம்பிப் போனார். 1774 ஆகஸ்டில், அந்தப் பிரபுவின் மாளிகையில் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான், பின்னாளில் ஆக்சிஜன் என்று பெயர் பெற்ற வாயுவைப் பிரித்தெடுத்தார். அவர் அட்டவணை போட்டிருந்தாலும் அதில் இந்த வரி இருந்திருக்க வழியில்லை.

அட்டவணையை நான் குறை சொல்வது கணக்குக்காக அல்ல. அதில் எடை போடப்படும் இரண்டு பொருள்களுமே இன்னும் வெறும் படங்களாக இருக்கின்றன. கடிதத்தில் அச்சான சம்பளம் ஒரு படம். நகரத்தின் பெயரைக் கேட்டதும் கண்ணில் தோன்றும் கடற்கரையோ மலையோ மரங்கள் அடர்ந்த தெருவோ இன்னொரு படம்.

டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. வெயிலுக்குப் பேர்போன தெற்குக் கலிஃபோர்னியாவில் படிக்கும் மாணவர்கள் ஒரு தரப்பு. கடுங்குளிர் அடிக்கும் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதி மாணவர்கள் இன்னொரு தரப்பு. உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவைச் சொன்னது. உங்களைப் போன்ற ஒருவர் இந்தப் பகுதிகளில் இருந்தால் எப்படி இருப்பார் என்று கேட்டபோது, இரு தரப்புமே கலிஃபோர்னியாவில் இருப்பவருக்குத்தான் திருப்தி அதிகம் என்றது. தொலைவிலிருந்து பார்க்கும்போது வெயில் மட்டும் தெரிகிறது. அங்கேயே இருப்பவருக்கோ பாடச்சுமை, அறைத்தோழர், கையில் காசில்லாத மாதக்கடைசி எல்லாம் இருக்கின்றன. வெயில் அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

ஆகவே வருகிறவர்களிடம் இரண்டு வெள்ளைத்தாள்களைக் கொடுத்து, இரண்டுக்கும் 'செவ்வாய்க்கிழமை' என்று தலைப்பு எழுதச் சொல்கிறேன். ஞாயிறு வேண்டாம், அது எல்லா ஊரிலும் நன்றாகத்தான் இருக்கும். போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து வரும் ஒரு சாதாரணச் செவ்வாய். எத்தனை மணிக்கு எழுவீர்கள், எதில் ஏறி அலுவலகம் போவீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார், யார் உங்களுக்கு வேலை சொல்வார், எத்தனை மணிக்கு வீட்டுக் கதவைத் திறப்பீர்கள், திறந்ததும் உள்ளே யார் இருப்பார். மணிவாரியாக எழுத வேண்டும்.

அந்த இளைஞர் பிடித்த நகரத்தின் தாளை விறுவிறுவென்று எழுதினார். இருபது நிமிட நடையில் அலுவலகம். மாலை ஆறு மணி வரை பிரச்சினையே இல்லை. ஆறு மணி என்று எழுதி, 'ஏரிக்கரையில் நடை' என்று போட்டார். ஏழு மணி என்று எழுதினார். பென்சில் நின்றுவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அங்கே எனக்கு யாரையும் தெரியாது" என்றார்.

ஒரு விடுமுறையில் நான்கு நாள் தங்கிப் பிடித்துப்போன நகரம் அது. அந்த நான்கு நாளும் அவரோடு கல்லூரி நண்பர்கள் மூவர் இருந்திருக்கிறார்கள். அவருக்குப் பிடித்தது ஏரிக்கரையா, நண்பர்களா என்று பிரித்துச் சொல்ல அவருக்கே தெரியவில்லை. நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் ஆராய்ந்து, வெறும் அறிமுகம் மேலோட்டமான நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்பாக மாற 200 மணி நேரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒருவரோடு கழித்தால் 200 மணி நேரத்தைத் தொட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எந்த நகரத்தையும் முதல் ஆறு மாதத்தில் எடை போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அதற்காக நான் சம்பளத்தின் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய இன்னொரு தாளையும் பாருங்கள். காலை 7.45க்குக் கிளம்பத் தொடங்கினால் இரவு 7.15க்கு வீடு. அதற்கு மேல் எழுதுவதற்கே இடமில்லை.

எண்களைப் பங்காக மாற்றிச் சொல்கிறேன். பிடித்த நகரத்தில் சம்பளம் 100 பங்கு, வாடகை 25. எட்டு மணி நேர வேலை, போகவர நேரமும் கிளம்பும் நேரமும் சேர்த்து ஒரு மணி. மாதம் 22 நாளுக்கு 198 மணி நேரம். வாடகை போக மிஞ்சுவது 75. கூடுதல் சம்பள வேலையில் 125 பங்கு, வாடகை 40. ஒன்பது மணி நேர வேலை, இரண்டரை மணி நேரம் பயணமும் கிளம்புவதும். மாதம் 253 மணி நேரம், மிஞ்சுவது 85. கடிதத்தைப் பிரித்ததும் 25 சதவீத உயர்வு என்று துள்ளியவர், மாதம் 55 மணி நேரத்தைக் கூடுதலாகக் கொடுத்து 10 பங்கு மிச்சம் பிடிக்கப் போகிறார். முதல் வேலையில் மணிக்கு 0.38 பங்கு மிஞ்சுகிறது. கூடுதலாகக் கொடுக்கும் இந்த மணி ஒவ்வொன்றுக்கும் கிடைப்பதோ 0.18. தன் மாலைப் பொழுதைப் பாதி விலைக்கும் குறைவாக விற்கிறார். வரிப் பிடித்தத்தை இதில் சேர்க்கவே இல்லை.

பயண நேரத்தை மக்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கானமனும் அவர் குழுவும் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைத் துண்டுதுண்டாக நினைவுகூரச் சொல்லி 2004இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சி தந்த செயல்களின் பட்டியலில் அலுவலகப் பயணம்தான் அடிமட்டத்தில் இருந்தது. ஜெர்மனி நாட்டுத் தரவுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டட்ஸரும் ஃபிரையும் கண்டதும் இதற்குத் துணை நிற்கிறது: நெடுந்தூரம் பயணம் செய்கிறவர்களுக்கு அதற்கு ஈடாகச் சம்பளமோ வீடோ வந்து சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. பெரிய வீடு சில மாதங்களில் பழகிவிடுகிறது. நெரிசல் நாளுக்கு ஒரு தினுசாக இருப்பதால் பழகுவதே இல்லை.

'ஓர் அளவுக்கு மேல் பணம் மகிழ்ச்சி தராது' என்று மேற்கோள் காட்டி வருகிறவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அது கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் அப்படியொரு வரம்பு தெரியவில்லை என்றார். பிறகு கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சேர்ந்தே தரவுகளை மறுபடி அலசி 2023இல் வெளியிட்டார்கள்: பெரும்பாலோருக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது, மகிழ்ச்சி மிகக் குறைந்த ஒரு சிறுபான்மைக்குத்தான் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த ஏற்றம் வருமானம் எத்தனை சதவீதம் கூடுகிறது என்பதைப் பொறுத்தது. குறைந்த சம்பளக்காரருக்கு நிம்மதி தரும் அதே தொகை, நல்ல சம்பளக்காரரிடம் தெரியாமலே போய்விடும். கடன் வட்டி கழுத்தைப் பிடிக்கிறவர்களிடம் நான் நகரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். எவ்வளவு சேர்ந்ததும், எந்த மாதத்தில் மறுபடி யோசிக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்வேன். 'இரண்டு வருடம் மட்டும்' என்று போனவர்கள் ஏழாம் வருடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சம்பளத்துக்கு ஏற்ப வீடும் தவணையும் வளர்ந்திருக்கும்.

அட்டவணைகளில் நான் அநேகமாகப் பார்க்காத ஒரு வரி உண்டு. இந்த வேலை போய்விட்டால் அதே ஊரில் உங்கள் தொழிலுக்கு வேறு எத்தனை கதவுகள் இருக்கின்றன? ஒரே ஒரு நிறுவனம் மட்டும் உங்களை எடுக்கக்கூடிய ஊரில் 30 சதவீதம் கூடுதலாக வாங்குவது, அந்த ஒரு நிறுவனத்தின் கையில் உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல. பிடித்த நகரத்துக்கும் இது பொருந்தும். ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து தெ லா ரோக்காவும் பூகாவும் 2017இல் எழுதிய கட்டுரை, பெரிய நகரங்களில் பெற்ற அனுபவத்துக்கு மதிப்பு அதிகம், அங்கிருந்து வெளியேறிய பிறகும் அது பெரும்பாலும் கூடவே வருகிறது என்று காட்டியது. இருபத்தைந்து வயதில் இந்த வரிக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுப்பேன்.

குடும்பமாக வருகிறவர்களில் ஒருவர் பேசுவார், மற்றவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துணைக்காக இடம் மாறி அதில் தன் பிழைப்பை இழப்பவர், துணைக்காகத் தங்கி வாய்ப்பை விடுபவர் என்று ஜேக்கப் மின்சர் 1978இலேயே பொருளாதாரக் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் செய்வது அதைவிட எளிது: செவ்வாய்க்கிழமைத் தாளை இருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கிறேன். ஒரு தம்பதியில் கணவரின் தாள் இரண்டு பக்கமும் நிரம்பியது. மனைவியின் தாளில் 'காலை 8.30, அவர் கிளம்புகிறார்' என்று ஒரு வரி. அடுத்த வரி 'மாலை 7, அவர் வருகிறார்'. நடுவில் ஒன்றும் இல்லை. பதினோரு வருடம் கணக்காளராக வேலை பார்த்தவர் அவர். கணவர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

முடிவுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் அதிகமில்லை. அந்த ஊருக்குப் போனால் குடியிருக்கப் போகும் பகுதியில் தங்குங்கள். அலுவலக நேரத்தில், அலுவலக வழியில், ஒரு தடவையாவது நின்றுகொண்டு போய்ப் பாருங்கள். நியமனக் கடிதத்தில் உறுதியான சம்பளம் எவ்வளவு, நிறுவனத்தின் லாபத்தையோ உங்கள் மதிப்பீட்டையோ பொறுத்து மாறக்கூடியது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இடமாற்றச் செலவைக் கொடுக்கும் நிறுவனம், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் அதைத் திருப்பிக் கேட்கும் ஷரத்து வைத்திருக்கலாம். கையெழுத்துக்குப் பிறகு அதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு இடத்திலும் வாய் திறந்து கேளுங்கள். வந்த கடிதத்தைக் கல்வெட்டாக நினைத்துக்கொண்டு, இதா அதா என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்களே அதிகம்.

அந்த இளைஞரும் கேட்டிருக்கவில்லை. கேட்கச் சொன்னேன். கூடுதல் சம்பள நிறுவனத்திடம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டார். ஒரு நாள் தருகிறோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். பிடித்த நகரத்தின் நிறுவனம் சம்பளத்தை இப்போது உயர்த்த முடியாது, ஆறாம் மாதம் மறுபரிசீலனை செய்கிறோம் என்றது. தொகை எதுவும் குறிப்பிடவில்லை. அதைக் குறிப்பிடச் சொல்லி எழுதியிருக்கிறார், பதில் வரவில்லை. ஏரிக்கரை ஊரில் பழைய பள்ளித்தோழர் ஒருவர் இருப்பது இதற்கிடையில் தெரியவந்திருக்கிறது. இந்த வாரக் கடைசியில் பார்க்கப் போகிறார். அடுத்த புதன்கிழமை இரண்டு தாள்களையும் புதிதாக எழுதிக்கொண்டு வருகிறேன் என்றார். இந்தத் தடவை பேனாவால் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.